அட்டைக்கட்டும் பொதிக்கட்டும்

நடுவர் அவர்களே, பகலெல்லாம் குழித்தறியில் அமர்ந்து நாடா எறிந்த கை ஓயுமுன் இந்தத் திடலுக்கு வந்து அமர்ந்திருக்கும் சேவூர்ப் பெருமக்களே, தாய்மார்களே!

எளிய கணினி ஒன்றுக்குச் சாளர மேலாளியைக் கைப்பட அமைத்து, அதைப் பொதியாகக் கட்டுவது பிரயோஜனமுள்ள உழைப்பா, பொழுதை வீணாக்கும் பித்தா என்பது இன்று நம் முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி. பிரயோஜனமுள்ள உழைப்பே என்பது என் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, சாளரத்தின் விளிம்புக்கு வர்ணம் தேடியே இரவுகளைக் கழிக்கும் இளைஞர்களைப் பற்றி மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தத்தில் பாதியை நானும் பங்கிட்டுக்கொள்கிறேன். தன் திரையைத் தனக்கென்று மட்டும் நாள்தோறும் மாற்றி மாற்றி அழகு பார்ப்பதில் ஒருவனுக்குச் சொந்த இன்பம் உண்டேயன்றி ஊருக்குப் பயனில்லை என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் தலைப்பில் 'அமைத்து' என்ற சொல்லோடு 'பொதியாகக் கட்டுவது' என்றும் ஒரு சொல் இருக்கிறதே, அதைத் தோழி தொடாமலே போய்விட்டார்; என் வாதம் முழுவதும் அந்தச் சொல்லைப் பற்றியது.

இந்தச் சாளர மேலாளி என்பது யாது என்று சபையில் சிலர் கேட்கக்கூடும். லினக்ஸ் கணினியில் திரைமேல் கோடும் எழுத்தும் வரையும் பணியை நெடுங்காலமாக எக்ஸ் என்ற நிரல் செய்துவருகிறது. 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் கல்விக்கூடத்தில் அதை ஆக்கியவர்கள், எந்தச் சாளரம் எங்கே நிற்கவேண்டும், எது முன்னே எது பின்னே, எந்த விசையைத் தொட்டால் எது திறக்கவேண்டும் என்ற தீர்மானங்களைத் தாங்கள் செய்யாமல், வேண்டுமென்றே வேறொரு நிரலுக்கு விட்டுவைத்தார்கள். தறி ஒன்றாயிருக்க, அதன் தலைமேல் ஏற்றும் ஜக்கார்டுப் பெட்டி வேறாயிருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. கரையில் யானை வரவேண்டுமா அன்னம் வரவேண்டுமா என்று தறி தீர்மானிப்பதில்லை, பெட்டியில் தொங்கும் அட்டைகள் தீர்மானிக்கின்றன; அவ்வாறே திரையின் ஒழுங்கைச் சாளர மேலாளி தீர்மானிக்கிறது.

என் சொந்த அனுபவத்தைச் சொல்ல நடுவர் அனுமதிக்கவேண்டும். 2011ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் இவ்வூரிலும் பல வீடுகளுக்கு வந்தன. அவற்றில் விண்டோஸோடு கூடவே, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடியாகக்கொண்டு இந்திய மொழிகளுக்கேற்ப அமைத்து 2007இல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் இயங்குதளமும் ஏற்றப்பட்டிருந்தது. என் அக்காள் மகள் வாங்கிவந்த அப்படிப்பட்ட கணினி ஒன்று, அவள் படித்து முடித்து வேலைக்குப் போனபின் பரண்மேல் கிடந்தது. கூலிக் கணக்கையும் சரிகைக் கணக்கையும் எழுத ஒரு கணினி இருந்தால் தேவலை என்று அவள் அப்பாவான என் மாமா சொன்னபோது அதை இறக்கித் துடைத்தோம். அதன் நினைவகம் 2 ஜிபி. இன்றைய பெரிய மேசைச் சூழல்களில் ஒன்றை அதில் ஏற்றினால், அந்தச் சூழல் தானே பாதி இடத்தை விழுங்கிவிட்டு, கணக்கேட்டைத் திறப்பதற்குள் மாமா ஒரு சாண் நெய்துவிடலாம் என்ற நிலைமை ஏற்படுகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 'புதிது வாங்குங்கள்' என்பதே எதிரணி நண்பர்களின் அறிவுரையாயின், ஒரு சேலைக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு என்பதை இந்தச் சபையில் எழுந்து கேட்டுவிட்டு அதைச் சொல்லும்படி வேண்டுகிறேன்.

ஆகவே டெபியனை ஏற்றி, அதன்மேல் ஓபன்பாக்ஸ் என்ற சிறிய சாளர மேலாளியை வைத்தேன். இலகுவானவை வேறு பல இருக்க இதை ஏன் தேர்ந்தேன் என்பதற்குக் காரணம் தமிழ்தான். ஓபன்பாக்ஸ் தன் பட்டியல்களையும் தலைப்புகளையும் பாங்கோ என்ற எழுத்துவரை நூலகத்தைக்கொண்டு எழுதுவதால் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றன. அந்த வசதியில்லாத மேலாளிகளில் 'கெ' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னே போய் விழுந்து, தமிழ் படித்தவனே தமிழைப் படிக்க முடியாமல் திகைக்கும்படி ஆகிறது. இதன் அமைப்பெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகளில் அடங்கிவிடுகிறது: பட்டியலுக்கு ஒரு கோப்பு, விசைகளுக்கும் தோற்றத்துக்கும் ஒரு கோப்பு, தொடக்கத்தில் ஓடவேண்டியவற்றுக்கு ஒரு கோப்பு. 'கூலிக் கணக்கு', 'பாவுக் கணக்கு', 'கடிதம்' என்று மூன்றே வரிகளில் பட்டியல் எழுதினேன். மாமாவின் கண்ணுக்கேற்ப எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒற்றை விசையில் கணக்கேடு திறக்கும்படி செய்தேன். பரணில் கிடந்தது பத்தே நாளில் தறிக்கூடத்தின் மூலையில் அன்றாடப் பொருளாயிற்று.

இத்துடன் நின்றிருந்தால் தோழியின் ஆக்ஷேபம் என்மேல் பொருந்தியிருக்கும். அடுத்த வீட்டு அண்ணன் வந்து, எங்கள் வீட்டிலும் அப்படியொன்று கிடக்கிறது, இதையே போட்டுக்கொடு தம்பி என்றார். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துப்போய் அவர் கணினியில் இட்டேன். பட்டியல் திறந்தது, ஆனால் எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறுங் கட்டங்கள்! அந்தக் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை. என் கணினியில் என்றோ ஏற்றி மறந்துபோன ஒரு பொருளின்மேல் என் வேலை முழுவதும் நின்றுகொண்டிருந்தது என்பதை அந்தக் கட்டங்கள் எனக்குக் காட்டின.

இந்தப் பிழை உங்களுக்குப் புதிதல்ல. கட்டத்தாளில் வரைந்த வேலைப்பாட்டை அட்டையில் துளையடித்துக் கோத்துக் கட்டி வைத்துவிட்டால், வரைந்தவர் மறைந்தாலும் அந்தப் பூ வேறு தறியில் ஏறிப் பூக்கும். ஆனால் 240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் என்ன நேரும் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் சிறுபிள்ளையும் சொல்லும். ஆகையால் இது எத்தனை கொக்கிக்கு உரியது என்பதை அட்டைக்கட்டோடு சொல்லிக் கொடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். பொதியாகக் கட்டுதல் என்பது இதுவே. டெபியன் பொதியில் 'கன்ட்ரோல்' என்றொரு கோப்பு உண்டு. இது ஓட ஓபன்பாக்ஸ் வேண்டும், இன்ன தமிழ் எழுத்துரு வேண்டும், இன்ன விசைப்பலகை நிரல் வேண்டும் என்று அதில் எழுதிவைத்தால், நிறுவும் கணினி அவற்றைத் தானே தேடிக் கொணர்ந்து சேர்த்துக்கொள்கிறது. எது யாருடைய ஆக்கம், எந்த உரிமத்தின்கீழ் வந்தது என்பதற்கு ஒரு கோப்பு. எந்தப் பதிப்பில் எதை மாற்றினோம் என்பதற்கு ஒரு கோப்பு. தனக்கென்று அமைப்பவன் இவற்றில் எதையும் எழுதுவதில்லை, எழுத அவசியமும் இல்லை. பிறருக்கென்று கட்டுபவனோ தன் வேலையை ஒவ்வோர் இழையாகப் பிரித்துப் பார்த்தாலன்றிக் கட்ட முடியாது. வர்ணம் மாற்றும் பித்து எனக்குத் தெளிந்தது அந்த இடத்தில்தான்.

அயலான் எல்லையை மதிக்கவும் பொதி கட்டும் வேலை எனக்குப் பயிற்றுவித்தது. முதல்முறை கட்டியபோது, ஓபன்பாக்ஸ் பொதிக்குரிய பட்டியல் கோப்பின் இடத்திலேயே என் கோப்பை வைத்தேன். டிபிகேஜி என்னும் நிறுவுநிரல் ஏற்க மறுத்துவிட்டது: ஒரு பொதிக்குச் சொந்தமான கோப்பின்மேல் இன்னொரு பொதி கைவைக்கலாகாது. என் கோப்புகளுக்குத் தனி இடம் ஒதுக்கி, உள்நுழையும் திரையில் 'நெசவுக் கணக்கு' என்று தனியொரு வாயிலும் வைத்தபின்தான் ஏற்றுக்கொண்டது.

எதிரணியின் மூத்த நண்பர் எழுப்பிய சந்தேகம் கனமானது. அதைக் கடந்து போக நான் விரும்பவில்லை. ஓபன்பாக்ஸின் கடைசிப் பதிப்பு 2015இல் வெளிவந்ததோடு நின்றுவிட்டதே, செத்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று அவர் கேட்டார். ஐயா, ஆக்கியவர்கள் புதிய பதிப்பு விடாத இத்தனை ஆண்டுகளும் அது டெபியனில் எப்படி ஓடிக்கொண்டிருக்கிறது? கண்ட பிழைகளுக்குச் சிறுசிறு திருத்தங்கள் எழுதி, மூலத்தோடு சேர்த்துக் கட்டி, மாறிவரும் நூலகங்களோடு அதைப் பொருத்திவருகிறவர்கள் பொதியாளர்கள். எவ்வித ஆரவாரமுமின்றி அவர்கள் செய்யும் இந்தப் பணியைவிட மேலான சான்று என் கட்சிக்கு வேறு எதுவும் இல்லை. இனி எக்ஸின் காலமே முடிந்து வேலாண்டு என்ற புது ஏற்பாடு வந்துவிட்டது என்றும் சொன்னார், புது ஏற்பாடு வந்தது உண்மைதான். அந்தப் புது ஏற்பாட்டுக்கென எழுதப்பட்ட லேப்டபிள்யூசி என்ற மேலாளி, ஓபன்பாக்ஸின் கோப்பு வடிவங்களையே பின்பற்றும்படி எழுதப்பட்டிருக்கிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்குரிய இயங்குதளம் 2024 அக்டோபரில் அதற்கே மாறிற்று. தெளிவாக எழுதிவைத்த அமைப்பு, தான் பிறந்த தறி போனபின்னும் அடுத்த தறியில் ஏறுகிறது.

மணி அடித்துவிட்டது, இன்னும் ஒரு செய்தி சொல்லி அமர்கிறேன். சென்ற மாதம் என் பொதியின் நான்காம் பதிப்பை மாமாவின் கணினியில் ஏற்றச் சென்றேன். இடையில் விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகள், அப்பாவின் கண்ணுக்கு இன்னும் போதவில்லை என்று எழுத்தின் அளவை அமைப்புக் கோப்பில் தானே உயர்த்திவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. பாதி நிறுவியதும் கணினி நின்று, இந்தக் கோப்பை இவ்விடத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், பொதியாளர் அனுப்பிய புதியதை வைக்கவா, இங்கிருப்பதையே காக்கவா என்று கேட்டது. அதை நான் தமிழில் படித்துச் சொன்னேன். மாமா கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து திரையை ஒருமுறை பார்த்தார். "பாப்பா வச்சது அப்படியே இருக்கட்டும்டா" என்றார், அப்படியே வைத்தேன்.