தந்தை தந்த பட்டியல்

புகழ்பெற்ற குடும்பத்தில் பிறப்பது பேறு என்று உலகம் சொல்லும். அந்தக் குடும்பத் தொழிலிலேயே இறங்கும் பிள்ளைக்கோ அந்தப் பேறே சுமையாகிவிடுவதும் உண்டு. தந்தையைப் போலப் பாடாவிட்டால் குறை என்பர். தந்தையைப் போலவே பாடினால் சொந்தச் சரக்கு இல்லை என்பர். இவ்விரு நெருக்கடிக்கும் இடையே தம் குரலைக் காத்துக்கொண்டவர், தாமே பாட்டெழுதித் தாமே பாடும் அமெரிக்கப் பெண்மணி ரோசேன் கேஷ்.

இவர் 1955-ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஜானி கேஷ், அமெரிக்காவின் 'கண்ட்ரி' இசையில் பெரும்புகழ் பெற்றவர். பெற்றோரின் மணவாழ்வு முறிந்தபின், ரோசேன் கலிபோர்னியாவில் தாயிடம் வளர்ந்தார். 1968-இல் தந்தை ஜூன் கார்ட்டரை மணந்தார். அந்தக் கார்ட்டர் குடும்பமோ 1927-ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டில் பாடிய குடும்பம். ஆக, இருபுறமும் இசைதான். நடுவே ஒரு பிரிவின் வடு.

பள்ளிப்படிப்பை முடித்த ரோசேன், 18 வயதில் தந்தையின் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். பயணத்தின்போது தந்தை ஒரு பழம்பாட்டைக் குறிப்பிட்டார், மகள் அறியவில்லை. வேறொன்றைக் குறிப்பிட்டார், அதையும் அறியவில்லை. திகைத்த தந்தை, அவசியம் கற்கவேண்டிய 100 பாடல்களை ஒரு தாளில் எழுதி மகள் கையில் கொடுத்தார். ஆசிரியத் தொழிலிலேயே நரைத்துப்போன எனக்கு இது மிகச் சிறந்த பாடத்திட்டமாகத் தோன்றுகிறது. 'என்னைப் போலப் பாடு' என்பது அதன் பொருளன்று. 'நீ நிற்கும் நிலம் எது என்று அறிந்துகொள்' என்பதே அதன் பொருள்.

மாணவி அப்பாடத்தை உடனே ஒப்பிக்கவில்லை. தாளைப் பத்திரப்படுத்திவிட்டுத் தம் பாட்டையே எழுதினார். 1981-இல் அவர் எழுதிய பாட்டொன்று கண்ட்ரி இசை வரிசையில் முதலிடம் பெற்றது. 1990-இல் 'இண்டீரியர்ஸ்' என்னும் தொகுப்பு வந்தது. உள்ளறைகள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். குலைந்துவரும் மணவாழ்வின் வேதனையை அதில் ஒளிவுமறைவின்றிப் பாடினார். விற்பனை முன்னைப்போல் இல்லை. எனினும் உண்மையைச் சொல்லும் துணிவு அவருக்குக் கைவந்தது. நம் அகப்பாட்டு மரபு, தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்கிறது. ஒருவர் துயரம் எல்லோர் துயரமாகவும் ஆவதற்கு அதுவே வழி. தன் கதையைச் சொல்லும் பாட்டும், கேட்பவர் தம் கதையை அதில் காணும்போதுதான் நிலைக்கிறது.

பின்னர்ப் பெருஞ்சோதனை வந்தது. 2003 மே மாதத்தில் சிற்றன்னை ஜூன் மறைந்தார். செப்டம்பரில் தந்தை மறைந்தார். 2005 மே 24-ஆம் நாள், ரோசேனின் ஐம்பதாம் பிறந்தநாளன்றே, தாய் விவியன் மறைந்தார். இத்துயரங்களைப் பாடும் 'பிளாக் கேடிலாக்' தொகுப்பு 2006-இல் வெளியாயிற்று. மகளைப் பெயர் சொல்லி அழைக்கும் தந்தையின் பழைய குரற்பதிவோடு அது தொடங்குகிறது. இறுதியில் பாட்டே இல்லை. 71 வினாடிகள் மௌனம் மட்டுமே. தந்தை வாழ்ந்த ஆண்டுகள் 71. பாட்டை நம்பி வாழ்ந்தவர், பாட்டால் சொல்ல இயலாததும் உண்டு என்று ஒப்புக்கொண்ட இடம் அது.

அதன்பிறகே அந்தப் பழைய தாளை அவர் வெளியே எடுத்தார். அதிலிருந்து 12 பாடல்களைத் தேர்ந்து, 2009-இல் 'தி லிஸ்ட்' என்ற பெயரில் பாடி வெளியிட்டார். பாடம் பெற்றதற்கும் பாடிக் காட்டியதற்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன. பதினெட்டு வயதில் பாடியிருந்தால் அது தந்தையின் பட்டியலாகவே இருந்திருக்கும். தம் இன்பதுன்பங்களைத் தம் சொல்லால் பாடி முடித்தபின் பாடியதால், அது மகளின் பட்டியலும் ஆயிற்று.

பிதிரார்ஜிதச் சொத்தைப் பெறுவதற்குப் பிறப்பு ஒன்றே போதும். கலையைப் பெறுவதற்கோ, தானும் ஒரு வாழ்வு வாழ்ந்தாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பட்டியல் தருவது பெரியோர் கடமை. அதை என்று பாடுவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவதும் அக்கடமையின் ஒரு பகுதியே.