மனை யார் பேரில்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் போட்டு, "நீதான் கொடைக்கானல்ல கடை வச்சு இன்டர்நெட்லயும் விக்கிறியே, அதைப் பத்திப் பேசுப்பா. பசங்க நெறையப் பேரு அதே யோசனையில இருக்காங்க" என்றார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. நான் இங்கே படித்த காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நான் செருப்போடு வெளியே நின்ற கோஷ்டி. ஆகவே தொழில்நுட்பப் பேச்சை எதிர்பார்க்காதீர்கள். பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பூர்வீகம் பூம்பாறை. காடு கொஞ்சம் உண்டு, பூண்டு போடுகிறோம். ஏழு ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை. பூண்டு, தேன், காப்பித்தூள், வீட்டில் செய்த சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், இவைதான் சரக்கு. சீசனில் வருகிற டூரிஸ்ட் ஊருக்குத் திரும்பிய பிறகு, "அந்தப் பூண்டு இன்னும் ரெண்டு கிலோ அனுப்ப முடியுமா?" என்று போன் செய்வார். வெப்சைட் ஆசை அங்கேதான் ஆரம்பித்தது.

2016-இல் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். "ஒரே தடவை பணம் கட்டுங்க சார், அப்புறம் ஒரு தொல்லையும் இல்ல" என்றார். பதினெட்டாயிரம் கொடுத்தேன். பதினைந்து நாளில் பச்சைப் பசேலென்று மலைப் படத்தோடு வெப்சைட் வந்தது. என் பெயரையும் கடை போட்டோவையும் பார்த்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்தத் தளம் எதில் கட்டியது, எந்த சர்வரில் இருக்கிறது, அதன் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. பி.காம். படித்தவன், ஒரு ரசீதுகூடச் சரியாக வாங்கவில்லை. பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

2018 வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி பூத்த வருடம். மலைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நானும் வெப்சைட் முகவரி போட்டு 5,000 கார்டு அச்சடித்து, கடைக்கு வந்த ஒருவர் விடாமல் கொடுத்தேன். அக்டோபரில் கோயம்புத்தூரில் இருந்து ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, உங்க வெப்சைட்டைத் தொறந்தா ஏதோ சீட்டாட்டம் வருதே?"

திறந்து பார்த்தேன். சீட்டாட்டம்தான்.

நடந்தது இதுதான். முகவரிப் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அது அவர் பெயரில், அவர் ஈ-மெயிலில் இருந்தது. நினைவூட்டல் எல்லாம் அவருக்குப் போனது. அவர் தொழிலை விட்டுவிட்டு நம்பரையும் மாற்றிவிட்டார். காலாவதியான முகவரியை வேறு எவனோ எடுத்துக்கொண்டான். சர்வரும் அவர் கணக்கில் இருந்ததால், எங்களிடம் அதுவரை வாங்கிய 600 சொச்சம் பேரின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் போயின. 5,000 கார்டும் ஊரெங்கும் மணிபர்ஸுக்குள் இருந்துகொண்டு சீட்டாட்டத்துக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தன.

அப்பா ஐந்தாவது வரைதான் படித்தவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஏன்டா, மனை யாரு பேர்ல இருந்துச்சு?"

எனக்குப் பதில் இல்லை. அடுத்த மாதமே கஜா புயல். மரம் விழுந்து, கரண்ட் போய், வெப்சைட்டை நினைக்கக்கூட நேரமில்லை. 2019 தொடக்கத்தில்தான் மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை மூன்று மாதம் யோசித்தேன்.

மாணவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எது சார் பெஸ்ட்?" என்பது. கடைத்தெருவில் போய் "எந்தக் கடை பெஸ்ட்?" என்று கேட்பது மாதிரி அது. நான் எனக்குப் புரிகிற மாதிரி பிரித்துக்கொண்டேன்.

அமேசான், பிளிப்கார்ட்டில் போய் விற்பது, எங்க அப்பா வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிற மாதிரி. கூட்டம் அங்கே தயாராக நிற்கும். கமிஷன் பிடித்துக்கொள்வார்கள், அதுகூட நியாயம். ஆனால் வாங்கியவர் யார் என்று அப்பாவுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. மண்டிக்காரருக்குத்தான் தெரியும். அங்கே வாங்குகிறவர் அவர்களுடைய வாடிக்கையாளர், நம்முடையவர் அல்ல.

ஷாப்பிஃபை, ஜோஹோ காமர்ஸ் போன்றவை வாடகைக் கடை. ஷட்டர், விளக்கு, பூட்டு, கல்லாப்பெட்டி எல்லாம் போட்டே தருவார்கள். மாதாமாதம் வாடகை. வாடகை நின்றால் ஷட்டர் இறங்கும். மூன்றாவது, வேர்ட்பிரஸ் மேல் வூகாமர்ஸ் போட்டு நாமே கட்டுவது. மென்பொருள் இலவசம், யாரும் நம்மை வெளியே அனுப்ப முடியாது. ஆனால் ஓடு உடைந்தால் நாம்தான் ஏற வேண்டும். இலவசம் என்ற வார்த்தையில் ஏமாந்தவன் நான், அதனால் சொல்கிறேன்: சர்வர் வாடகை, பேக்கப், பிளகின் அப்டேட், ஒரு பிளகினை மாற்றினால் இன்னொன்று சண்டை பிடிப்பது, இதற்கெல்லாம் காசோ நேரமோ போகும். அப்டேட் செய்யாமல் விட்டால் திருடன் வருவான்.

ஷாப்பிஃபை பிறந்த கதை எனக்குப் பிடிக்கும், குளிர்ப் பிரதேசத்துக் கதை என்பதால். கனடாவின் ஒட்டாவாவில் டோபியாஸ் லுட்கே என்பவர் 2004-இல் பனிச்சறுக்குப் பலகை விற்கக் கடை போட்டார். அன்றைக்கு இருந்த மென்பொருள் எதுவும் ஒத்துவராமல் தானே ஒன்று எழுதினார். பிறகு பலகையை விட்டுவிட்டு, 2006-இல் அந்த மென்பொருளையே விற்க ஆரம்பித்தார். நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. 1999-இல் பெங்களூரில் கே. வைத்தீஸ்வரனும் நண்பர்களும் ஃபேப்மார்ட் தொடங்கினார்கள். அப்போது யூபிஐ கிடையாது, அது 2016-இல்தான் வந்தது. ஆயத்த மென்பொருளும் இன்றுபோல் கிடையாது. அதே தொழில் பின்னால் இந்தியாபிளாசா ஆகி, 2013-இல் மூடப்பட்டது. இன்றைக்கு எல்லாம் கையில் இருந்தும் நாம் முகவரியைத் தொலைக்கிறோம்.

சரி, எதைத் தேர்ந்தெடுத்தேன்? தளங்களைப் பார்ப்பதற்கு முன் என் சரக்கைப் பார்த்தேன். இதுதான் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

சாக்லேட்டை எடுங்கள். உள்ளே இருக்கும் கோகோ வெண்ணெய் முப்பத்து நாலு டிகிரிக்குள் உருகிவிடும். கொடைக்கானலில் 2,100 மீட்டர் உயரத்தில் கல் மாதிரி இருக்கும், மே மாதம் வத்தலக்குண்டு தாண்டினால் பாயசம். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் சாக்லேட்டை நிறுத்தி வைக்க வேண்டும், அல்லது பக்கத்து மாவட்டங்களுக்கு மட்டும் தர வேண்டும். யூகலிப்டஸ் தைலம் தீப்பற்றக் கூடியது, விமானத்தில் சாதாரணப் பார்சலாக ஏற்ற மாட்டார்கள். தரைவழி மட்டும் என்று தனியாக வைக்க வேண்டும். பூண்டுக்கு வேறு தலைவலி. சரியாகக் காயாத பூண்டு வழியிலேயே எடை குறையும். ஒரு கிலோ போட்டு அனுப்பினால் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று வாடிக்கையாளர் தராசு காட்டும். நன்றாகக் காய்ந்ததை மட்டும் அனுப்புகிறோம், அதற்குமேல் கொஞ்சம் கூடவே போடுகிறோம்.

இன்னொன்று, கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார். வருகிற கிலோ நிஜ எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் காசு. 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டியில் மூன்று கிலோ பூண்டு வைத்தாலும் ஆறு கிலோவுக்குக் கட்ட வேண்டும். முதல் மாதம் லாபம் முழுவதும் காற்றுக்குப் போனது.

ஆகவே நான் தளத்தைக் கேட்ட கேள்விகள் இவைதான்: சரக்குக்குச் சரக்கு தனி அனுப்பும் விதி வைக்க முடியுமா? பின்கோடு பார்த்து மறுக்க முடியுமா? என் அண்ணன் மகள் காட்டில் இருந்தபடி போனிலேயே ஸ்டாக்கைக் குறைக்க முடியுமா? கடையைக் காலி செய்யும்போது வாடிக்கையாளர் பட்டியலை மூட்டை கட்டி எடுத்துப் போக விடுவார்களா? டிசைன் அழகு கடைசிக் கேள்வி. அதில் போன தடவையே பாஸ்.

பணம் வாங்கும் வழியையும் பார்க்க வேண்டும். ஷாப்பிஃபைக்குச் சொந்தமாக ஒரு பேமெண்ட் வசதி உண்டு, நம் நாட்டில் அது கிடையாது. வேறு கேட்வே வைத்தால், கேட்வேக்காரர் எடுப்பது போக அவர்களும் ஒரு சதவீதக் கணக்கு வைப்பார்கள். வாடகை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு கட்டாதீர்கள். கேஷ் ஆன் டெலிவரி வேண்டும் என்பார்கள். அது நம் தாத்தா காலத்து வி.பி.பி.தானே! பார்சல் வந்ததும் வீட்டில் ஆளில்லை என்று திருப்பி அனுப்புகிற பழக்கமும் அன்றே இருந்தது. போக ஒரு செலவு, வர ஒரு செலவு, வந்த பூண்டு நசுங்கியிருக்கும். பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் நாங்கள் அதைத் தருகிறோம்.

எல்லாம் பார்த்து நான் வாடகைக் கடைதான் எடுத்தேன். ஓடு மாற்ற ஏறுகிற ஆள் எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான் காரணம். தாண்டிக்குடிப் பக்கம் காப்பி விற்கிற நம் ஜூனியர் ஒருவர் வூகாமர்ஸ் வைத்திருக்கிறார். அவர் மனைவி மென்பொருள் வேலை பார்த்தவர். அவர்களுக்கு அதுதான் சரி. என்னைப் பார்த்துச் சிரிப்பார், "மாசாமாசம் வாடகை குடுக்குறீங்களேண்ணே" என்று. நான் அவரைப் பார்த்துச் சிரிப்பேன், ராத்திரி பதினொரு மணிக்கு அவர் போனில் பேக்கப் தேடும்போது.

ஆனால் மனை, அதாவது முகவரி, என் பெயரில், என் ஈ-மெயிலில், என் கார்டில். அதைத் தளம் தருகிறவரிடம் வாங்காமல் தனியாக வாங்கினேன். நாளைக்குக் கடையை மாற்றினாலும் போர்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம். மாதம் ஒண்ணாம் தேதி ஆர்டரையும் விலாசத்தையும் இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு, பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். வீட்டில் கேலிதான்.

கேலி செய்கிறவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 600 விலாசம் போனது என்றேனே, என் மனைவி பார்சல் அனுப்பிய ரசீதுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. டின்னைக் கவிழ்த்து இருவரும் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினோம். நானூறு பேர் தேறினார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மலை காலியானது. ஏழு ரோட்டில் நாய்கூட இல்லை. கடை ஷட்டர் மாதக் கணக்கில் திறக்கவில்லை, காட்டில் பூண்டு கிடந்தது. கூரியர் மறுபடி ஓடத் தொடங்கியதும் அந்த நானூறு பேருக்கும் செய்தி அனுப்பினோம். அந்த வருடம் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது பிஸ்கட் டின்னால்தான்.

மாணவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறார்கள். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் எடுத்த முயற்சி அது. அதே வருடம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது, பழனிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். எங்கிருந்தோ வாங்கிய பூண்டுக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்றால் சட்டப்படி குற்றம். அது போக, விளைவித்தவனின் வயிற்றில் அடிக்கிற வேலை. இன்னொன்று, வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால், விற்பனை எவ்வளவு சின்னதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். தின்பண்டத்துக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி குறை கேட்கிறவர் பெயரையும் தொடர்பு எண்ணையும் தளத்தில் போட வேண்டும். எங்கள் தளத்தில் போட்டிருப்பது என் மனைவி பெயர்.

2024 மே 7 முதல் கொடைக்கானல் வர இ-பாஸ் வேண்டும் என்று ஆனபோது எங்கள் கடைத்தெருவில் பெரிய கவலை. "ஆன்லைன்ல போட்டுரலாமாண்ணே" என்று பக்கத்துக் கடைத் தம்பி வந்து நின்றான். மறுநாளே ஒருவர் அவனுக்குப் பச்சைப் பசேலென்று மலைப் படம் போட்டு ஒரு டிசைன் காட்டிவிட்டார். "எவ்வளவு?" என்றேன். "ஒரே தடவைதான்ணே, இருபத்தஞ்சாயிரம்."

அவனைக் கையோடு உட்கார வைத்து, முதலில் அவன் ஈ-மெயிலில் முகவரியைப் பதிவு செய்ய வைத்தேன். மீதியை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் விற்பது வெல்வெட் சால்வை, உருகாது, கசியாது. அவனுக்கு எது தோதுப்படும் என்பது வேறு கணக்கு. உங்களில் யாருக்காவது அப்படிக் கணக்குப் போட வேண்டியிருந்தால், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். பூண்டும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறேன், பேராசிரியர்களுக்கு மட்டும் இலவசம்.