ஆயுட்கால உத்தரவாதமும் வாங்குவோர் நாணயமும்



வணிகர் நேர்மையாக நடக்க வேண்டும் என்று பேசுவது எளிது, கேட்பதற்கும் இனிது. நிறுவையிற் குறைப்பவரையும் கலப்படஞ் செய்பவரையும் கண்டித்து எத்தனையோ பேச்சுகளைக் கேட்டிருக்கிறோம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும் பட்டினப்பாலையும், தாம் பெறுவதில் மிகுதி தேடாமையையும் தாம் தருவதிற் குறை வையாமையையுமே அவர்களுடைய சிறப்பாகக் கூறுகிறது. ஆனால் வாணிகம் என்பது இருவர் சேர்ந்து செய்யும் செயல். விற்பவருக்கு ஒரு நாணயம் உண்டென்றால் வாங்குபவருக்கும் ஒரு நாணயம் உண்டு. அதைப்பற்றிப் பேசுவோர் சிலரே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்.

ஒரு பொருளை விற்கும்போது, 'இதிற் பழுது கண்டால் நாங்கள் பொறுப்பு' என்று விற்பவர் கொடுக்கும் வாக்கே உத்தரவாதம். ஆறு மாதம், ஓர் ஆண்டு, ஐந்து ஆண்டு என்று அதற்கு எல்லை வைப்பது வழக்கம். எல்லையே இல்லாமல், ஆயுள் முழுவதற்கும் வாக்குக் கொடுத்த நிறுவனங்களும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றன் கதை நாம் அறிய வேண்டியது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் என்னும் மாநிலம் இருக்கிறது. காடும் பனியும் நிறைந்த நாடு. அங்கே லியோன் லியோன்வுட் பீன் என்ற ஒருவர் வேட்டைப் பிரியர். காட்டில் அலையும்போது கால் நனைந்துபோவது அவருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. அடிப்பாகம் றப்பராகவும் மேற்பாகம் தோலாகவும் இணைத்துத் தைத்த ஒரு சப்பாத்தை அவர் ஆக்குவித்தார். 1912-ஆம் ஆண்டில் வேட்டை அனுமதிப்பத்திரம் பெற்ற வெளியூர்க்காரருக்கெல்லாம் கடிதம் அனுப்பி அதை விற்றார். முதலில் விற்ற 100 சோடிகளில் 90 சோடிகள் திரும்பி வந்துவிட்டன. றப்பரும் தோலும் பிரிந்துவிட்டன. பீன் வாதாடவில்லை. திருப்பி அனுப்பியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், கடன் வாங்கிக் குறையைத் திருத்தினார், மறுபடியும் விற்றார். 'மனநிறைவு இல்லையேல் திருப்பித் தரலாம்' என்ற வாக்கே அந்நிறுவனத்தின் முதலாயிற்று. காலத்துக்கு எல்லை வையாத அந்த வாக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

2018-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அந்த வாக்கு முடிவுக்கு வந்தது. வாங்கிய ஓர் ஆண்டுக்குள், பற்றுச்சீட்டுடன் வந்தால்தான் திருப்பி ஏற்போம் என்று, நிறுவியவரின் கொள்ளுப்பேரன் தலைமையிலிருந்த நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பின்னர் வருபவற்றில், மூலப்பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறையிருந்தால் மட்டும் ஆராய்ந்து முடிவு செய்வோம் என்றும் கூறியது. காரணம் என்ன? சிலர் பல்லாண்டு போட்டுத் தேய்ந்த சப்பாத்தைக் கொண்டுவந்து புதியதைக் கேட்டனர். வேறு சிலர் பழம்பொருள் விற்கும் இடங்களிற் சில்லறைக்கு வாங்கியதைக் கொணர்ந்து முழுப்பயன் பெற்றனர். முந்திய ஐந்து ஆண்டுகளில் இத்தகைய திருப்பல்களால் 25 கோடி டொலர் இழந்ததாக நிறுவனம் தெரிவித்தது.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1912-இல் சப்பாத்தைத் திருப்பித் தந்த 90 பேரும் உத்தரவாதத்தைப் பயன்படுத்தியவர்களே. அவர்கள் தவறு செய்யவில்லை, நன்மை செய்தார்கள். அவர்கள் காட்டிய குறையினால்தான் சப்பாத்துச் சீர்பட்டது. நூறு ஆண்டு கழித்து வந்த சிலரோ குறையைக் காட்ட வரவில்லை. தேய்மானத்தைக் குறையென்று பெயர்மாற்றிக் கொண்டுவந்தார்கள். செயல் ஒன்றேபோல் தோன்றினும் இவை இரண்டும் வேறு.

வேட்டைச் சப்பாத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நம் மலைநாட்டிலும் ஒருகாலத்தில் வேட்டை பெரும் பொழுதுபோக்காக இருந்தது. 1848-இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், நாய்களைக்கொண்டு மரை வேட்டையாடியதை நூலாகவே எழுதினார். அக்காலம் போயிற்று. 1937-ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் காட்டுயிர்களைக் காத்து நிற்கின்றன. ஆனால் கால் நனையும் தொல்லை மட்டும் மாறவில்லை. தென்மேற்குப் பருவமழையிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நல்ல றப்பர்ச் சப்பாத்தும் கிழியாத படங்கும் எவ்வளவு பெரிய செல்வம் என்பது, தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே இருக்கும் எங்கள் வட்டகொடையில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்று லயன்களிலும் உத்தரவாதத்தோடு வரும் பொருள்கள் பல. குக்கர், மின் அழுத்தி, தொலைக்காட்சிப் பெட்டி, கைத்தொலைபேசி எல்லாம் வந்துவிட்டன. பல தவணை முறையில் வாங்கப்பட்டவை. தவணை முடிவதற்குள் பொருள் கெட்டுவிட்டால் அந்தக் குடும்பத்தின் துன்பம் பெரிது. ஆகவே உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நம் மலையில் அட்டை இரண்டு வகை. ஒன்று காலைப் பற்றிக்கொள்ளும். மற்றொன்றை நாம்தான் பற்றிக்கொள்ள வேண்டும். உத்தரவாத அட்டையைத்தான் சொல்கிறேன். அதிற் கடையின் முத்திரையும் வாங்கிய திகதியும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டாற் கொடுக்க வேண்டியது வணிகரின் கடமை. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு மாறான பொருள்பற்றி அச்சபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் காலவரையறையைப் பலர் அறியார்.

உரிமை இவ்வாறிருக்க, நேர்மை எங்கே தொடங்குகிறது? மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொண்டாற் போதும்.

முதலாவது: தந்த வாக்கு எது? ஆயுட்காலம் என்றால் யாருடைய ஆயுள்? வாங்கியவரின் ஆயுளா, பொருளின் ஆயுளா, முதல் உரிமையாளர் வைத்திருக்கும் காலமா? வாக்குக்கு வாக்கு இது வேறுபடும். 1932-இல் தொடங்கிய சிப்போ என்னும் தீமூட்டி நிறுவனம், யார் கையில் இருந்தாலும் எவ்வளவு பழையதாயினும் தன் தீமூட்டியின் பொறியை இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறது. அங்கே பழையதை வாங்கியவர் கேட்பதும் முறையே. ஆனால் மேற்பூச்சு மங்கிற்று என்று கேட்க இயலாது. வாக்கில் அது இல்லை. சொன்னதைக் கேட்பது உரிமை. சொல்லாததைச் சொன்னதாகக் கொள்வது வம்பு.

இரண்டாவது: இது செய்தவர் விட்ட குறையா, நான் பயன்படுத்தியதால் வந்த தேய்வா, என் கவனக்குறைவால் நேர்ந்த சேதமா? குக்கரின் றப்பர் வளையம் நாளடைவில் இறுகிப் போவது இயல்பு. கைப்பிடி முதல் மாதத்திலேயே கழன்றால் அது குறை. கைத்தொலைபேசி தண்ணீர்ப் பீலிக்கடியில் விழுந்து கெட்டால் அது நம் சேதம்.

மூன்றாவது: பழுதுபார்த்தாற் போதுமா, புதியதுதான் வேண்டுமா? தையல் விட்ட சப்பாத்துக்குத் தையல் போதும்.

'பெரிய கம்பனிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?' என்று சிலர் கேட்பர். கம்பனி தன் பையிலிருந்து மட்டும் கொடுப்பதில்லை. உத்தரவாதத்தின் செலவு விலையிலேயே அடங்கியிருக்கிறது. தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் நடத்துகிறோம். ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துகிறது. இழவு விழுந்த வீட்டுக்கு அப்பணம் போகிறது. இழவு விழாத வீட்டார் பொய்க்கணக்குச் சொல்லிப் பணம் பெற்றால் யார் பணத்தை எடுக்கிறார்? அடுத்த லயத்தாரின் பணத்தை. உத்தரவாதமும் அத்தகைய பொதுப்பணம். பொய் சொல்லிப் பெறுபவர் பலராயின் விலை ஏறும். அல்லது வாக்கே நின்றுபோகும். அப்போது உண்மையான குறையோடு வருபவரும் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். மேய்ன் மாநிலத்தில் நடந்தது அதுவே.

பள்ளிக்கூடத்தில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உத்தரவாத அட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிடப்படுகின்றன. அதை வாசிப்பதற்கும் கடையிற் பேசுவதற்கும் பெற்றோர் படிக்கிற பிள்ளையை அழைத்துப் போகிறார்கள். அது நல்லது. பிள்ளையின் படிப்பு வீட்டுக்குப் பயன்படும் முதற் சந்தர்ப்பம் அதுவாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிப் போகும் வழியில், 'தண்ணீரில் விழுந்ததைச் சொல்லாதே. தானாக நின்றுவிட்டது என்று சொல்' என்று கற்பித்து அனுப்பினால் என்ன ஆகும்? பல தொலைபேசிகளுக்குள்ளே ஈரம் பட்டாற் சிவக்கும் சிறு ஒட்டு ஒன்று இருக்கிறது. திருத்துபவர் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அந்த இடத்திற் குனிவது பிள்ளையின் தலை. தெரியாமற் போய்விட்டாலோ நட்டம் அதிலும் பெரிது. பொய் பலிக்கும் என்ற பாடத்தை அப்பிள்ளை மறவாது. நாங்கள் வகுப்பிலே நடுவுநிலைமை அதிகாரத்தை எத்தனை முறை விளக்கினாலும் அந்தப் பாடத்தை அழிக்க இயலாது.

வணிகருக்கும் ஒரு சொல். ஏமாற்றுவோர் சிலரைக் கண்டு, வருவோர் எல்லாரையும் ஐயுறாதீர்கள். தோட்டத்திலிருந்து மழையில் நனைந்து வரும் ஒருவர் தம் ஒருநாட் சம்பளத்தை இழந்துதான் உங்கள் படியேறுகிறார். அட்டையிலுள்ளதை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். எது சேரும், எது சேராது என்று விற்கும்போதே சொன்னாற் பின்னர் வழக்கு வராது.

நேயர்களே, உத்தரவாதம் என்பது முன்பின் அறியாத இருவரிடையே உண்டாகும் நம்பிக்கை. கொடுப்பவர் வாக்குத் தவறாதிருப்பது அதற்கு ஒரு தூண். பெறுபவர் உள்ளதை உள்ளபடி சொல்வது மறுதூண். உரியதைத் தயங்காமற் கேட்போம். உரியதல்லாததைக் கொடுத்தாலும் ஏற்காதிருப்போம்.