விழித்தவனின் அச்சம்: ‘துக்ளக்’ நாடகத்தின் கடைசி நொடி
(சிங்கப்பூர், கிளமெண்டியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

நேரம் குறைவு, நேரே பொருளுக்கு வருகிறேன்.

1. வழக்கு

துக்ளக் என்றால் நமக்கு நாடகாசிரியர் சோ 1968இல் மேடையேற்றிய நையாண்டிதான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது கிரீஷ் கார்னாட் கன்னடத்தில் எழுதி 1964இல் வெளிவந்த ‘துக்ளக்’. பதின்மூன்றாம் காட்சியின் முடிவு உங்களுக்குத் தெரிந்ததே. அரியணையில் சுல்தான் துக்ளக் தூங்கிவிடுகிறான். பணியாள் ஒருவன் வந்து சால்வை போர்த்திவிட்டுப் போகிறான். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்கிறது. அது அடங்கும் வேளையில் சுல்தான் திடுக்கிட்டு விழித்து, எங்கிருக்கிறோம் என்று புரியாமல் மிரண்டு பார்க்கிறான். நாடகம் முடிந்தது.

ஏன் மிரள்கிறான்? என் துறை நண்பர்களில் ஒரு சாரார், பைத்தியம் முற்றிவிட்டது என்பர். மற்றவர், நேரு காலக் கனவு கலைந்தது என்பர். இந்த இரண்டாம் சாரார் துணைக்கு அழைப்பது ஆங்கிலப் பதிப்புக்கு யு.ஆர். அனந்தமூர்த்தி எழுதிய முன்னுரையை. இந்நாடகம் அரசியல் உருவகத்தைத் தாண்டியது என்றும் அதே முன்னுரையில் அவர் எழுதியிருக்கிறார். அந்த இடம் வந்ததும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

2. பாங்கு

இருசாராரும் கண்ணால் பார்த்தார்கள், காதால் கேட்கவில்லை. அந்தப் பாங்குக்கு ஒரு வரலாறு உண்டு. தொழுகை நேரத்தில் சுல்தானைக் கொல்லப் பிரபுக்கள் சதி செய்கிறார்கள். சதி முன்பே தெரிந்துவிடுகிறது. சுல்தான் தன் கையாலேயே சதிகாரருள் ஒருவனான ஷிஹாபுத்தீனைத் திரும்பத் திரும்பக் குத்துகிறான். அதன் பிறகு நாட்டில் தொழுகையே கூடாது என்று ஆணையிடுகிறான். ஐந்தாண்டுகள் நாடு வாய்மூடிக் கிடக்கிறது. அந்த ஐந்தாண்டும் அவனுக்குத் தூக்கம் இல்லை. தௌலதாபாத் கோட்டைமேல் இரவில் இளங்காவலனிடம் அவன் பேசிக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப்பாருங்கள்.

தடை எப்படி நீங்குகிறது? கலீஃபா வழிவந்த கியாசுத்தீன் வருகிறார் என்பதற்காக. வந்தவனோ அஜீஸ் என்ற சலவைக்காரன். உண்மையான கியாசுத்தீனைக் கொன்று அவர் வேடம் பூண்டவன். சுல்தான் அதைக் கண்டுபிடிக்கிறான். கண்டும் தண்டிக்கவில்லை, பதவி கொடுத்து அனுப்புகிறான். வரலாற்றாசிரியர் பரணியும் விடைபெற்றுப் போகிறார். அதன் பிறகே தூக்கம் வருகிறது.

இப்போது பாங்கைக் கேளுங்கள். அதைத் தடுத்தவன் அவன். பொய்யன் ஒருவனை முன்னிட்டுத் திறந்துவிட்டவனும் அவன். அழைப்பில் பொய் இல்லை, அழைப்பு வந்த வழியில்தான் பொய். எழுந்து தொழுதால் அந்த மோசடிக்கும் சேர்த்துத் தலைவணங்க வேண்டும். தொழாவிட்டால் ஐந்தாண்டுத் தடை அவனளவில் இன்னும் நீங்கவில்லை. பைத்தியக்காரனுக்கு இந்த இக்கட்டுப் புரியாது. ஆகவே அந்த மிரட்சி தெளிந்தவனின் மிரட்சி. அவன் எழுந்தானா, மீண்டும் கண்மூடினானா என்பதைக் கார்னாட் சொல்லவில்லை. அந்த ஐயத்தை நாமும் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. பைத்தியம் என்ற விடையை மட்டும் கைவிட்டால் போதும்.

3. மேடையில்

1972இல் தில்லிப் புராணா கிலாவில் அல்காஸி இந்நாடகத்தை இயக்கினார், மனோகர் சிங் சுல்தானாக நடித்தார். கோட்டைச் சுவர் அங்கே தானாகவே அமைந்தது. இங்கே நாம் யோசிக்க வேண்டியது சுவரை அல்ல, ஒலியை. சிங்கப்பூரில் 1970களிலேயே பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் உட்புறம் திருப்பப்பட்டு, பாங்கு வானொலிக்கு வந்துவிட்டது. சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை அடுத்து சூலியா பள்ளிவாசல் இருக்கும் ஊர் இது. ஆகவே இங்கே நாடகம் போடுபவர் அந்த ஒலியை அரியணைக்குப் பின்னாலிருந்து எழுப்பக்கூடாது. பார்வையாளர் நடுவிலிருந்து வரட்டும். சுல்தான் மிரண்டு பார்ப்பது நம்மையாக இருக்கும்.

4. இனி

இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’பை இதனோடு ஒப்பிட்டு யாராவது எழுத வேண்டும். சோவின் துக்ளக்கையும் சிரிப்பை ஒதுக்கிவைத்து ஒருமுறை படிக்கலாம். மொழிபெயர்ப்புகளில் மேடைக்குறிப்புகள் என்ன ஆகின்றன என்பது மாணவர் எவரேனும் எடுத்துக்கொள்ளத்தக்க தலைப்பு. விரிக்க நேரமில்லை.