ஒரு சொல்லும் பல பொருளும்



ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவன் முதன்முதல் அறிந்துகொள்ளும் சொற்களுள் 'டேபிள்' என்பதும் ஒன்று. மேசை என்று அதற்குப் பொருள் எழுதி மனனஞ் செய்கின்றான். அச்சொல்லை அறிந்துவிட்டதாகவும் எண்ணுகின்றான். ஆனால் வகுப்புகள் ஏற ஏற, அதே சொல் வேறு வேறு கோலங்களில் அவன் முன் வந்து நிற்கின்றது.

கணித பாடத்தில் பெருக்கல் வாய்பாடும் டேபிள். மடக்கை அட்டவணையும் டேபிள். பாடசாலைச் சுவரில் தொங்கும் நேரசூசியின் ஆங்கிலப் பெயரில் அச்சொல் உண்டு. மெண்டலீவ் 1869ஆம் ஆண்டில் வெளியிட்ட மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையின் பெயரிலும் அது உண்டு. நிலத்தினடியில் நீர் நிறைந்து நிற்கும் மேல் எல்லையை ஆங்கிலத்தில் 'வாட்டர் டேபிள்' என்பர். இதனை 'நீர்மேசை' என்று மொழிபெயர்த்தால், கிணற்றை நம்பித் தோட்டஞ் செய்யும் யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு யாது விளங்கும்? 'நிலத்தடி நீர்மட்டம்' என்று கூறினால் உடனே விளங்கும். மாரியில் அது உயர்வதையும் கோடையில் தாழ்வதையும் அவன் நன்கறிவான்.

இப்பொருள்கள் ஒன்றோடொன்று உறவற்றவையல்ல. பலகை என்னும் பொருளையுடைய 'தபுலா' என்ற இலத்தீன் சொல்லே இவற்றுக்கெல்லாம் மூலம். பலகையில் எழுதும் வழக்கத்தினின்று அட்டவணை பிறந்தது. பலகையின் தட்டையான பரப்பினின்று மேசையும் நீர்மட்டமும் பிறந்தன. தமிழிலும் பலகை என்னும் சொல் கற்பலகை, கரும்பலகை, அறிவித்தற் பலகை என்று கிளைத்திருப்பதை நோக்குக.

பெயர்ச்சொல்லாக நிற்கும்போது இவ்வளவு வேறுபாடு என்றால், வினைச்சொல்லாகும்போது இடர் இன்னும் பெரிது. பிரித்தானிய வழக்கில், ஒரு பத்திரத்தை 'டேபிள்' செய்தல் என்றால் அதனைச் சபையின் ஆலோசனைக்குக் கொண்டுவருதல். இலங்கைப் பாராளுமன்றத்தில் 'சபாபீடத்தில் சமர்ப்பித்தல்' என்று வழங்குவதும் இம்மரபு பற்றியதே. ஐக்கிய அமெரிக்காவிலோ அதே வினைக்கு ஆலோசியாது ஒத்திவைத்தல் என்று பொருள். எல்லாரும் காண மேசைமீது வைத்தல் ஒருவர் கருத்து. எடுக்காமல் மேசைமீதே கிடக்க விடுதல் மற்றவர் கருத்து.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது இவ்வேறுபாடு ஒரு பிணக்கையே விளைத்தது. 1941ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட சில வாரங்களுள், இரு நாட்டுத் தலைவர்களும் படை அதிகாரிகளும் வாஷிங்டன் நகரிற் கூடினர். அங்கே பிரித்தானிய அதிகாரிகள் ஓர் அவசர பத்திரத்தை 'டேபிள்' செய்ய விரும்பினர். அதனை ஒத்திவைக்கக் கேட்கின்றனர் என்று அமெரிக்கர் கருதினர். நெடுநேரம் கடுமையான வாதம் நிகழ்ந்தது. இரு பாலாரும் விரும்பியது ஒன்றே என்பது பின்னரே தெரியவந்தது. இச்செய்தியை வின்ஸ்டன் சேர்ச்சில் தமது யுத்த வரலாற்று நூலிற் பதிந்துள்ளார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடையே, நாடுகளின் விதியை நிருணயிக்கும் அவையிலேயே இவ்வாறு நேர்ந்ததெனில், அகராதியில் முதலிற் கண்ட பொருளோடு அமைந்துவிடும் மாணவன் இடர்ப்படுவதில் வியப்பில்லை.

இதற்கு வழி யாது? பல பொருள் குறிக்கும் ஒரு சொல்லின் பொருளை, அது கொண்டு முடியும் வினையாலும், உடன் வரும் இனத்தாலும், சார்பாலும் தெளியலாம் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் காட்டும் நெறி. 'மா பூத்தது' என்றால் மரம். 'மா இடித்தனர்' என்றால் அரிசி மா. தமிழ்ச் சிறுவன் இதில் ஒருபோதும் மயங்குவதில்லை. 'பூத்தது' என்பதும் 'இடித்தனர்' என்பதும் அவனுக்கு வழிகாட்டுகின்றன.

தாய்மொழியில் இயல்பாகச் செய்வதைப் பிறமொழியில் முயன்று செய்தல் வேண்டும். ஆகவே, புதிய ஆங்கிலச் சொல்லைக் குறித்துக்கொள்ளும் மாணவர், அது வந்த வாக்கியத்தையும் உடன் எழுதிக்கொள்வாராக. மொழிபெயர்ப்போர், சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுமுன், அதை எவர், எவ்விடத்தில், எதைக் குறித்துக் கூறினார் என்று வினவுவாராக. அவ்வாறு வினவுவோர்க்கு அகராதி உற்ற துணையாகும். வினவாதோரை அதுவே வழிதவறச் செய்யும்.