அயல்நாட்டில் வாங்கிய மென்பொருள்

மைசூரில் வாழும் தமிழர் ஊருக்குப் புறப்படும்போது ஒரு பட்டுச் சேலையோ, சந்தனச் சோப்போ வாங்கிச் செல்லாமல் இருப்பது அரிது. அவற்றைச் சென்னையில் பயன்படுத்தலாம். தில்லியிலுள்ள உறவினருக்குப் பரிசளிக்கலாம். விரும்பினால் விற்கவும் செய்யலாம். விலை கொடுத்த அப்பொழுதே பொருள் நம் உடைமையாகிவிட்டது.

இதே எண்ணத்தோடுதான், அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம், ‘அங்கே மலிவாகக் கிடைத்தால் கணினிக்கு வேண்டிய மென்பொருளையும் வாங்கி அனுப்பு’ என்று சொல்கிறோம். இங்கே விலை குறைவென்றால், விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பட்டுக்குப் பொருந்தும் நியாயம் மென்பொருளுக்கும் பொருந்துமா?

முதலில் புத்தகத்தின் கதையைப் பார்ப்போம். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற கிர்ட்சேங் என்னும் மாணவர், தம் நாட்டில் மலிவாக விற்ற பாடநூல்களை உறவினர் மூலம் தருவித்து அமெரிக்காவில் விற்றார். வைலி என்னும் பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம், முறைப்படி வாங்கிய நூலை மறுபடி விற்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. எந்த நாட்டில் அச்சிட்டதாயினும் புத்தகம் வாங்கியவருடைய உடைமை என்பதே அதன் சாரம்.

மென்பொருளின் நிலை வேறு. இதற்குக் கருநாடகத்திலேயே சான்று உண்டு. அயல்நாட்டிலிருந்து நேரே மென்பொருள் வாங்கிப் பயன்படுத்திய நம் நாட்டு நிறுவனங்கள், அதற்குக் கொடுத்த பணத்தில் வருமான வரி பிடித்திருக்க வேண்டும் என்று வரித்துறை கூறியது. அப்பணம் பதிப்புரிமைக்காகத் தரும் ‘ராயல்டி’ என்பது அதன் வாதம். 2011இல் கருநாடக உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் இம்முடிவை மாற்றியது. வாங்கியவர் பெறுவது மென்பொருளின் ஒரு படியையும், அதனைப் பயன்படுத்தும் வரையறுத்த அனுமதியையுமே அன்றிப் பதிப்புரிமையை அன்று. ஆகவே அது ராயல்டி ஆகாது என்று கூறியது.

வரிச்சுமை நீங்கியது வாங்குவோருக்கு நன்மையே. எனினும் அத்தீர்ப்பில் கண்ட ‘வரையறுத்த அனுமதி’ என்னும் கருத்தை நாம் மறத்தலாகாது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது: ஒன்று உடைமை, மற்றொன்று உரிமம். பட்டு நமக்கு உடைமை. மென்பொருளுக்கு நாம் பெறுவது உரிமம். எத்தனை கணினியில், எவ்வளவு காலம், எந்த நாட்டில் என்பதையெல்லாம் அவ்வுரிமத்தின் வாசகமே தீர்மானிக்கிறது. ஒரு நாட்டில் விற்ற திறவுகோல் எண் வேறொரு நாட்டில் இயங்க மறுப்பதும் இதனாலேயே.

இப்படிப் பூட்டுவது நியாயமா? ஐரோப்பிய ஆணையம் தன் எல்லைக்குள் அன்று என்றது. போலந்து, அங்கேரி முதலிய நாடுகளில் விற்ற சில விளையாட்டு மென்பொருள்கள் பிற ஐரோப்பிய நாடுகளில் இயங்காதபடி தடுத்தமைக்காக, 2021இல் வால்வ் நிறுவனத்துக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்குமாக மொத்தம் 78 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஆயினும் அந்தப் பாதுகாப்பு மைசூருக்கு எட்டாது.

மறுபக்கமும் உண்டு. துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் அங்காடியில் விலை மிகக் குறைவாக இருந்த காலத்தில், பிற நாட்டாரும் அந்நாட்டார்போலக் கணக்குத் தொடங்கி வாங்கினர். 2023 நவம்பரில் அவ்விரு நாடுகளின் நாணய விலைகள் ஒழிந்து, டாலர் விலைகள் வந்தன. நாணய மதிப்பின் ஏற்றத்தாழ்வே காரணம் என்றது நிறுவனம். காரணம் எதுவாயினும், பல விளையாட்டுகளின் விலை பன்மடங்கு ஏறியது. சுமந்தவர் உள்ளூர் இளைஞர். நம் நாட்டு மாணவனுக்கும் குறைந்த விலைப் பதிப்புகள் கிடைக்கின்றன. வசதியுள்ளவர் அவற்றை அயல்நாட்டுக்கு அள்ளிச் சென்றால், அந்தச் சலுகை நெடுநாள் நிலைக்கும் என்று சொல்ல இயலாது.

ஆதலால், பணம் கொடுக்குமுன் மூன்று செய்திகளைக் கேட்டறிவது நலம். இவ்வுரிமம் நாம் வாழும் நாட்டில் செல்லுமா? பழுது நேர்ந்தால் உதவி இங்கே கிடைக்குமா? விற்பவர் முறையான விற்பனையாளரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் தெளிவான விடை இல்லையெனில், மலிவு விலையே நட்டமாக முடியலாம்.

வேறு வழியும் உண்டு. லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கும் உரிமம் இருக்கிறது. அவ்வுரிமம், எந்த நாட்டிலும் பயன்படுத்துக, படியெடுத்துப் பிறர்க்கும் கொடுக்க என்று அனுமதிக்கிறது. தமிழ் முகப்போடும் அது கிடைக்கிறது. கடிதமும் கணக்கும் எழுதும் வீட்டுக்கு அதுவே பெரும்பாலும் போதும். எதை வாங்கினாலும், விலையைப் படிக்கும் அதே கவனத்தோடு உரிமத்தையும் படித்துவிட்டு வாங்குவோமாக.