மீட்டருக்குப் பக்கத்தில் ஓர் உயிர்க்காவல்



ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளின் சுவர்கள் ஊறிப்போகும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கிரைண்டரையும் மோட்டாரையும் தொடுகிற நாட்கள் அவை.

மின்சாரம் தாக்காமல் காக்க மீட்டர் பலகையில் ஃபியூஸ் இருக்கிறதே, போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. ஃபியூஸும் எம்.சி.பி. சுவிட்சும் வயரிங் எரிந்துவிடாமல் காப்பவை. ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் என்றால் ஐயாயிரம் மில்லி ஆம்பியர். மனித உயிரைப் பறிக்க 50 மில்லி ஆம்பியரே போதும். 60 வாட் குண்டு பல்பே அதைப்போல ஐந்து மடங்கு இழுக்கும். அவ்வளவு சிறிய கசிவை ஃபியூஸ் உணராது.

அதை உணர்வது ஆர்.சி.டி. என்னும் உயிர்காக்கும் கருவி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது ஓயாமல் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை கருவியிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். இணைப்பு உடனே துண்டிக்கப்பட வேண்டும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் வயரில் மட்டும் நீங்கள் கைவைக்க வேண்டாம். அதில் கோளாறு என்றால் 94987 94987 என்ற மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண்ணில் சொல்லுங்கள்.

மழை தொடங்குமுன் உங்கள் மீட்டர் பலகையை ஒருமுறை பாருங்கள். ஆர்.சி.டி. இல்லையென்றால், இந்த வாரமே பொருத்திவிடுங்கள்.